புயல் போன பிறகு போட்ட கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் மூழ்கடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. யார் ஊர் திரும்பினார்கள், யாரால் திரும்ப முடியவில்லை, யார் கூலிக்காகக் கடல் கடந்து இறக்கப்பட்டார்கள்? இவற்றைத் தீர்மானித்ததில் காற்றையும் தண்ணீரையும்விட அரசாணைகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும்தான் பங்கு அதிகம்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மர வீடுகள். ஒரே அளவு, ஒரே வயது. ஒன்று வெள்ளையர்கள் குடியிருக்கும் தெருவில், இன்னொன்று கறுப்பின மக்களின் தெருவில். இரண்டிலும் உத்தரம் வரை தண்ணீர் ஏறி, நாள்கணக்கில் நின்று, சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. திரும்பக் கட்ட இரண்டுக்கும் ஒரே செலவுதான். பலகைக்கும் ஆணிக்கும் தச்சர் கூலிக்கும் தெருவுக்குத் தெரு விலை மாறாது. ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

கத்ரீனாவுக்குப் பிறகு லூசியானா மாநிலம் ‘ரோடு ஹோம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசின் பணத்தில், வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ள உரிமையாளருக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை உதவி. சுமார் 1,30,000 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. தொகையைக் கணக்கிட ஒரு விதி இருந்தது. புயலுக்கு முன்பு வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு, திரும்பக் கட்ட ஆகும் செலவு எவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதிலிருந்து காப்பீட்டுத் தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். வெள்ளையர் தெருவில் அந்த வீட்டின் மதிப்பு இரண்டு லட்சம் டாலர் என்றால், செலவு முழுவதும் கிடைத்துவிடும். கறுப்பர் தெருவில் அதே வீட்டின் மதிப்பு எண்பதாயிரம் என்றால், எண்பதாயிரம்தான். மீதி எழுபதாயிரத்துக்கு அவர் எங்கே போவார்? இந்த எண்கள் நான் விளக்கத்துக்காகச் சொன்னவை. விதி உண்மையானது. அந்த எழுபதாயிரத்தைப் புரட்ட முடியாமல் ஊர் திரும்பாமலே போன குடும்பங்களும் உண்மையானவை.

கறுப்பர் தெருவில் வீட்டு மதிப்பு ஏன் குறைந்தது? 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரம் நகரமாக வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதிகளைச் சிவப்பால் தீட்டி, ‘ஆபத்தான முதலீடு’ என்று வகைப்படுத்தியது. அங்கே வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது. கடன் இல்லாத இடத்தில் வீடு வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாத இடத்தில் விலை ஏறுவதில்லை. ரோடு ஹோம் விதியில் இனம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் எழுபது ஆண்டுகால இனப் பாகுபாடு முழுவதும் ‘சந்தை மதிப்பு’ என்ற ஒற்றை எண்ணுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தது.

2008-ல் நியூ ஆர்லியன்ஸின் நியாய வீட்டுவசதி மையமும், கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடும் என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியமும் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2011-ல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 1,300 வீட்டு உரிமையாளர்களுக்காக 6.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. புயலடித்து ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. ஆறு ஆண்டு வாடகை வீட்டில், வேறு ஊரில், பிள்ளைகள் வேறு பள்ளியில் என்றான பிறகு வருகிற பணம் எத்தனை பேரைத் திருப்பி அழைத்துவரும்?

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. வீட்டை உயர்த்திக் கட்டுவதற்காகத் தனியாக 30,000 டாலர் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் உதவித்தொகை போதாமல் போனவர்களில் பலர் அந்தப் பணத்தையும் கூரைக்கும் சுவருக்கும் செலவழித்தார்கள். வீட்டை உயர்த்தவில்லையே என்று, சுமார் 3,500 குடும்பங்கள் மீது மாநில அரசே வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில்தான் அந்த வழக்குகள் கைவிடப்பட்டன.

காலநிலை மாற்றத்தால் மக்கள் இடம்பெயர்வதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துப் பேசுகிறோம். வெப்பம், மழை, கடல்மட்டம். அவை எல்லாம் மெய். ஆனால் வெள்ளத்துக்காக ஓடியவர் குடிபெயர்ந்தவராகவே ஆகிவிடுவது எந்த இடத்தில் என்று தேடினால், பெரும்பாலும் ஓர் அலுவலகத்தில் போய் நிற்போம். லூசியானாவில் அது தெளிவாகவே தெரிகிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு மாநிலத்தைவிட்டு அதிகம் நகராததற்குக் காரணம் அதுதான்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம்

1923-ல் மிசிசிப்பி ஆற்றையும் பாஞ்சட்ரெய்ன் ஏரியையும் இணைக்க இண்டஸ்ட்ரியல் கால்வாயை வெட்டி முடித்தார்கள். நகரத்தின் ஒன்பதாம் வார்டு இரண்டாகப் பிளந்தது. கால்வாய்க்குக் கிழக்கே ஒதுங்கிப்போன பகுதிதான் லோயர் நைன்த் வார்டு. வேறெங்கும் இடம் கிடைக்காத கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே மனை வாங்கி, கையில் காசு சேரச் சேர அறை அறையாகக் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. இசைக்கலைஞர் ஃபேட்ஸ் டாமினோ புகழின் உச்சிக்குப் போன பிறகும் இந்த வார்டின் காஃபின் அவென்யூவைவிட்டுப் போகவில்லை. இங்கே குடியிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த வீட்டுக்காரர்கள். நகரத்தின் சராசரியைவிட இது அதிகம்.

1968-ல் கப்பல்களுக்குக் குறுக்குவழியாக, கடலிலிருந்து நகரம் வரை 76 மைல் நீளத்துக்கு இன்னொரு கால்வாயை ராணுவப் பொறியாளர் படை வெட்டி முடித்தது. அதன் வழியே உப்புநீர் உள்ளே வந்தது. புயலின் வேகத்தை வாங்கிக்கொண்டு அடங்கச் செய்யும் சைப்ரஸ் மரச் சதுப்புகள் செத்தன. லோயர் நைன்த் வார்டின் வடக்கு எல்லையில் உள்ள பியென்வெனு கழிவெளியில் இன்றைக்கும் போய் நின்றால், காடு இருந்த இடத்தில் விரிந்த தண்ணீரும், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த அடிமரங்களும் தெரியும்.

2005 ஆகஸ்ட் 29 அதிகாலை. இண்டஸ்ட்ரியல் கால்வாயின் தடுப்புச்சுவர் உடைந்து, சுமார் 200 அடி நீளச் சரக்குப் படகு ஒன்று அந்த உடைப்பின் வழியே வீடுகளின் மேல் வந்து விழுந்தது. நகரத்தைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகள் உடைந்தன. நகரத்தில் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. கத்ரீனாவுக்குப் பலியானவர்கள் 1,392 பேர் என்கிறது தேசியப் புயல் மையம் 2023-ல் வெளியிட்ட திருத்தப்பட்ட கணக்கு. கரைகளின் வடிவமைப்பில் தவறு இருந்தது என்று 2006-ல் ராணுவப் பொறியாளர் படையே ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளத்தடுப்புப் பணிகளுக்காக மத்திய அரசு மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று 1928-ல் எழுதிய சட்டம் குறுக்கே நின்றது. தவற்றை ஒப்புக்கொண்ட அரசை நீதிமன்றத்தால் பொறுப்பாக்க முடியவில்லை.

நகரத்தைவிட்டு எல்லாரும் கட்டாயம் வெளியேறும்படி மேயர் உத்தரவிட்டது முந்தின நாள், ஆகஸ்ட் 28. நகரத்தில் நாலில் ஒரு குடும்பத்துக்குக் கார் கிடையாது. மாதக் கடைசி, சம்பளம் வந்திருக்காது. போக முடிந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் சோறு தண்ணீரின்றிக் கிடந்தார்கள். செப்டம்பர் 1 அன்று ஆற்றுப் பாலம் வழியாக அக்கரைக்கு நடந்து தப்ப முயன்ற கூட்டத்தை, எதிர்க்கரையில் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த கிரெட்னா ஊரின் போலீசார் துப்பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் நியூ ஆர்லியன்ஸ் போலீசார் நிராயுதபாணிகளான கறுப்பின மக்கள் ஆறு பேரைச் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு மீட்புக் குழுக்கள் வீடு வீடாகப் போய்க் கதவில் ஸ்பிரே பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார்கள். மேல் முக்கோணத்தில் சோதித்த தேதி. வலப்பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து: எரிவாயு, எலி, அறுந்த மின்கம்பி. கீழ் முக்கோணத்தில் கண்டெடுத்த உடல்களின் எண்ணிக்கை. பல வீடுகளில் அந்த இடத்தில் சுழி இருந்தது. உயிர் தப்பிய வீடு என்று பொருள். ஆனால் லோயர் நைன்த் வார்டில் சுழி போட்ட வீடுகளும் பின்னாளில் இடிபட்டன. மனைக்குப் போனால் வாசல் சிமென்ட் படிகள் மட்டும் நிற்கும். ஏறிப் போக வீடு இருக்காது.

மூழ்கியது எல்லாரும், திரும்பியது சிலர்

வெள்ளையர்களின் பகுதியும் மூழ்கியதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏரியோரம் உள்ள லேக்வியூ பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த, வசதியான பகுதி. 17-வது தெருக் கால்வாய்ச் சுவர் உடைந்து அங்கேயும் கூரைமட்டத்துக்கு வெள்ளம் ஏறியது. அந்த மக்களின் துயரமும் துயரமே. ஆனால் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். லேக்வியூவில் பெரும்பகுதியினர் திரும்பியிருந்தார்கள். லோயர் நைன்த் வார்டில் 2000-ல் 14,008 பேர் இருந்தார்கள். 2010-ல் 2,842 பேர். நகரம் முழுக்கப் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் கறுப்பின மக்கள் சுமார் 1,18,000 பேர் குறைந்துவிட்டார்கள். வெள்ளையர்களில் குறைந்தது சுமார் 24,000.

இந்த இடைவெளிக்கு ரோடு ஹோம் மட்டும் காரணமில்லை. தாத்தா கட்டிய வீடு, அப்பா வழியாக வந்தது, பாகப்பிரிவினை எழுதவில்லை, பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. நம் ஊரில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இந்த அவதி தெரியும். லோயர் நைன்த் வார்டில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். பத்திரம் சரியில்லாதவருக்கு உதவித்தொகை தள்ளித் தள்ளிப் போனது. வாடகைக்கு இருந்தவர்களின் நிலை அதைவிட மோசம். 2007 டிசம்பரில் நகரசபை ஒருமனதாக வாக்களித்து, நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளின் சுமார் 4,500 வீடுகளை இடிக்க அனுமதி கொடுத்தது. அந்த வீடுகளில் பல, சுத்தம் செய்தால் குடியேறக்கூடிய நிலையில் உறுதியாக நின்றவை. பள்ளி ஊழியர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், நகரத்துக் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பு. வீடு இல்லை, வேலை இல்லை என்றான பிறகு எதை நம்பி ஊர் திரும்புவது?

போனவர்களில் மிகப் பலர் டெக்சாஸின் ஹூஸ்டனில் தங்கினார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனையும் மூழ்கடித்தது. ஒரே தலைமுறைக்குள் இரண்டு முறை வெள்ளத்தில் வீட்டை இழந்த குடும்பங்கள் இன்று அங்கே இருக்கின்றன.

ரிக் பழுதுபார்க்க வந்தவர்கள்

புயல் ஒரு கூட்டத்தை வெளியே தள்ளியபோது, இன்னொரு கூட்டத்தை உள்ளே இழுத்தது. அழிந்த நகரத்தைக் கட்ட ஆள் வேண்டும். 2005 செப்டம்பர் 8 அன்று ஜனாதிபதி புஷ், அரசு ஒப்பந்த வேலைகளுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் புயல் பாதித்த பகுதிகளில் நிறுத்திவைத்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் அது திரும்ப நடைமுறைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் ஹூஸ்டன் முகாம்களில் காத்திருக்க, லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு வந்து பூஞ்சை பிடித்த சுவர்களைப் பெயர்த்தார்கள். அவர்களில் ஹோண்டுராஸ்காரர்கள் கணிசம். வாழைப்பழக் கம்பெனிகளின் காலத்திலிருந்தே நியூ ஆர்லியன்ஸுக்கும் ஹோண்டுராஸுக்கும் உறவு உண்டு. 1998-ல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அப்போது அமெரிக்காவில் இருந்த ஹோண்டுராஸ்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. ஒரு புயலில் நாட்டை இழந்தவர்கள், இன்னொரு புயலில் அழிந்த நகரத்தை எடுத்துக் கட்டினார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க அரசு அந்தப் பாதுகாப்பை ரத்து செய்வதாக அறிவித்தது. சுமார் 50,000 பேரின் வாழ்க்கை நீதிமன்றப் படியேறி நின்றது.

இந்தக் கதைக்குள் நம் ஆட்களும் இருக்கிறார்கள். கத்ரீனாவும், அடுத்து வந்த ரீட்டாவும் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் ரிக்குகளை நொறுக்கின. அவற்றைச் செப்பனிடும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சுமார் 500 இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. வெல்டர்கள், பைப் ஃபிட்டர்கள். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், பஞ்சாப் என்று பல மாநிலத்தவர்; வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துப் பழக்கமுள்ளவர்கள் பலர். அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை, குடும்பத்தோடு கிரீன் கார்டு என்று விளம்பரம். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, கந்துவட்டிக்கு வாங்கி, ஆளுக்கு 10,000 முதல் 20,000 டாலர் வரை ஏஜென்டுகளிடம் கட்டினார்கள். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கையில் இருப்பது பத்து மாதத் தற்காலிக விசா. அந்த ஒரு முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். வேலையை விட்டால் அடுத்த விமானத்தில் ஊர்.

மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸின் ஆரஞ்சிலும் கப்பல் பட்டறை வளாகத்துக்குள்ளேயே முகாம் போட்டார்கள். வேலி, காவலாளி. ஒரு கொட்டகைக்கு 24 பேர், அடுக்குக் கட்டில்கள். ஒருவர் இருமினால் வரிசை முழுவதும் விழிக்கும் நெருக்கம். அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். வெளியே வீடு எடுத்துத் தங்கினாலும் பிடித்தம் உண்டு. அதே பட்டறையில் வேலை பார்த்த மற்ற நாட்டவர்கள் யாரும் இந்த முகாமில் அடைக்கப்படவில்லை, இந்தியர்கள் மட்டும்தான். அமெரிக்காவின் சமவாய்ப்பு வேலை ஆணையம் தொடுத்த வழக்கின் மையப் புள்ளியே இதுதான்.

2007 மார்ச்சில், கேள்வி கேட்ட சிலரை விடியற்காலையில் காவலாளிகளை வைத்துப் பிடித்து ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். கடனோடு வெறுங்கையாகத் திரும்புவதை நினைத்து ஒருவர் தற்கொலைக்கு முயன்றார். ஓராண்டு கழித்து, 2008 மார்ச்சில், சுமார் நூறு பேர் பட்டறை வாசலில் தங்கள் ஹெல்மெட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணம் போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் போராட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சத்தியாகிரகம். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் மன்றம் ஐந்து தொழிலாளர்களுக்கு மட்டும் 1.4 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நிறுவனம் திவால் மனு கொடுத்தது; 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்து, மன்னிப்பும் கேட்டது.

அந்த மனிதர்கள் செப்பனிட வந்தது எண்ணெய் ரிக்குகளை. கடலைச் சூடாக்கும் எண்ணெய். சூடான கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது. வலுத்த புயல் ரிக்குகளை உடைக்கிறது. அதைச் சரிசெய்யத் தூர தேசத்து ஏழைகள் கொண்டுவரப்படுகிறார்கள். அவர்களுக்கு உரிமை ஏதும் இல்லாமலிருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கூலி மலிவாக இருக்க வேண்டுமானால் அந்த மனிதருக்குப் போக்கிடம் இருக்கக் கூடாது. தற்காலிக விசா அதை உறுதி செய்கிறது.

கரைக்கு வெளியே விடப்பட்ட தீவு

நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்மேற்கே, டெர்ரபான் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ளது ஐல் த ஜான் சார்ல். 1830-ல் இந்தியர் வெளியேற்றச் சட்டம் வந்தபோது, அமெரிக்காவின் பூர்வகுடிகளை மேற்கே விரட்டினார்கள். விரட்டலிலிருந்து தப்பி, யாரும் தேடி வராத சதுப்புக்குள் ஒதுங்கிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இந்தத் தீவு மக்கள். மீன், இறால், சிப்பி, வேட்டை, சிறு தோட்டம், பேசுவது பிரெஞ்சு. இவர்கள் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் 1960-கள் வரை சேர்க்கவில்லை.

1955-ல் இருந்த நிலத்தில் 98 விழுக்காடு இன்று கடலுக்குள். 22,000 ஏக்கருக்கு மேல் இருந்த இடத்தில் 320 ஏக்கர்தான் மிச்சம். காரணங்கள் பல. மிசிசிப்பிக்கு இருபுறமும் கரை கட்டியதால் ஆறு கொண்டுவரும் வண்டல் சதுப்புக்கு வருவதில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் குழாய் போடவும் படகு ஓட்டவும் ஆயிரக்கணக்கான மைலுக்குக் கால்வாய் வெட்டின. அவற்றின் வழியே உப்பு ஏறிப் புல்லும் கருவாலி மரங்களும் பட்டுப்போயின. வேர் பிடித்துவைக்காத மண் கரைந்தது. போதாக்குறைக்குக் கடல் ஏறுகிறது. அருகிலுள்ள கிராண்ட் ஐல் அளவீட்டு நிலையத்தில், நிலம் தாழ்வதையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஏற்றம் பதிவாகிறது. 1953-ல் போட்ட ஒற்றைச் சாலைதான் தீவுக்கு வழி. தெற்குக் காற்று பலமாக அடித்தாலே சாலை முழுகும். அன்றைக்குப் பள்ளி இல்லை, வேலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை.

மார்கன்சா முதல் வளைகுடா வரை என்று ஒரு பெரிய வெள்ளத்தடுப்புக் கரைத் திட்டம் வந்தது. கோடு வரைந்தபோது தீவு வெளியே விடப்பட்டது. உள்ளே சேர்த்தால் செலவு கட்டுபடியாகாது என்றார்கள். இதுவும் அதே வகைக் கணக்குதான். காப்பாற்றப்படும் சொத்தின் மதிப்பு எவ்வளவு, கரையின் செலவு எவ்வளவு? சொத்தின் மதிப்பைக் குறைத்த வரலாறு கணக்கில் வராது.

குடியினத் தலைவர் ஆல்பர்ட் நாக்கின் ஒரு முடிவுக்கு வந்தார். எப்படியும் போகத்தான் வேண்டும். போவதானால் சிதறாமல், எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவோம். ஏற்கெனவே சிதறிப்போன உறவினர்களும் அங்கே வந்து சேரட்டும். 2002 முதல் இதற்காக முயன்றார். 2016 ஜனவரியில் மத்திய வீட்டுவசதித் துறை 4.83 கோடி டாலர் ஒதுக்கியது. காலநிலை மாற்றத்தால் ஒரு சமூகத்தையே இடம் மாற்ற அமெரிக்கா பணம் ஒதுக்கியது இதுவே முதல் முறை என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. திட்டம் குடியினத்தின் பெயரில் எழுதப்பட்டது. பணம் மாநில அரசின் கைக்குப் போனது.

அதன் பிறகு திட்டம் மெல்ல மெல்ல உருமாறியது. மத்திய அரசின் அங்கீகாரம் இல்லாத குடியினம் என்பதால் அவர்கள் பேச்சுக்கு எடை இல்லை. ‘தீவுவாசிகள் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம்’ என்று மாநிலம் மாற்றிவிட்டது. 2018-ல் குடியினம் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. 2021 ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா வந்த அதே தேதியில், ஐடா புயல் தீவின் மிச்ச வீடுகளையும் சிதைத்தது. ஓராண்டு கழித்து, சுமார் 40 மைல் வடக்கே, கரும்பு வயலாக இருந்த நிலத்தில் புது வீடுகளின் சாவி கொடுக்கப்பட்டது. வீடு மேட்டில் இருக்கிறது, வெள்ளம் வராது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மீனுக்குக் கடல் நாற்பது மைல் தள்ளி. சொத்துவரியும் காப்பீடும் தலைமேல். தீவிலுள்ள பழைய வீட்டில் இனி நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்று நிபந்தனை. அதே தீவில் வெளியூர்க்காரர்கள் வார இறுதி மீன்பிடிக் குடில்கள் வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில், இன்று ஜான் சார்ல் சாக்டா நேஷன் என்று பெயர் கொண்டுள்ள இந்தக் குடியினம், தங்கள் குடிமை உரிமைகள் மீறப்பட்டதாக மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் கொடுத்தது.

எல்லையில் நிற்கும் உலகம்

ஒரே நாட்டுக்குள், ஒரே குடியுரிமைக்குள் இவ்வளவு என்றால், எல்லை தாண்டுபவர்கள் கதி என்ன? 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கடலுக்கும் வறட்சிக்கும் இடமில்லை. கிரிபாட்டி தீவு நாட்டைச் சேர்ந்த இயோவானே தெய்தியோதா, கடலேற்றத்தைக் காரணம் காட்டி நியூசிலாந்தில் தஞ்சம் கேட்டார். மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் முறையீட்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்ன முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. காலநிலை ஆபத்தால் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாக அமையலாம் என்று கொள்கையளவில் ஏற்றது. அவர் வழக்கை மட்டும் ஏற்கவில்லை.

சட்டத்தில் இடமில்லை என்பது முழு உண்மையும் அல்ல. மனம் இருந்தால் இடம் உண்டு. 2022 மார்ச்சில், உக்ரைனியர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் தன் தற்காலிகப் பாதுகாப்பு விதியை வரலாற்றில் முதல்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கானோருக்கு வீடும் வேலை உரிமையும் கிடைத்தன. அது சரியான செயல், வரவேற்க வேண்டியது. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பு, 2021 செப்டம்பரில், நிலநடுக்கமும் புயல்களும் வறுமையும் துரத்திய ஹைட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் டெக்சாஸின் டெல் ரியோ பாலத்தடியில் நின்றார்கள். குதிரையேறிய எல்லைக் காவலர்கள் அவர்களை விரட்டிய படங்களை உலகமே பார்த்தது. ஐ.நா.வின் இனவெறி தொடர்பான சிறப்பு அறிக்கையாளராக இருந்த டெண்டாயி அச்சியூமே, 2022-ல் பொதுச்சபைக்கு அளித்த அறிக்கையில், சூழலியல் நெருக்கடியும் இன அநீதியும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்று வாதிட்டார். லூசியானாவை அறிந்த யாரும் அதை மறுக்க முடியாது.

தொழிற்புரட்சிக் காலம் முதல் இதுவரை வெளியான கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. அந்த நாட்டிலேயே, அந்தச் செல்வத்தில் பங்கில்லாமல் வைக்கப்பட்டவர்களின் தெருதான் முதலில் காலியானது. நிவாரணத்தைச் சந்தை மதிப்பில் அளக்காமல், திரும்பக் கட்டும் செலவில் அளந்திருக்கலாம். அதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. இந்தியத் தொழிலாளர்களுக்கு முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையுள்ள விசா கொடுத்திருக்கலாம். தீவு மக்களின் பெயரில் வந்த பணத்தில் தீவு மக்களே முடிவெடுக்க விட்டிருக்கலாம். எங்கே போவது, யாரோடு போவது, எப்போது போவது, விட்டுவந்த மண்ணுக்கு எந்த உரிமையோடு திரும்பிப் போய்வருவது என்பதை அந்த மக்களே தீர்மானிக்க வேண்டும் என்று 2002 முதல் கேட்டார்கள். பணம் வந்தது, நிலம் வந்தது, வீடும் வந்தது. தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.